பொதுவான ஆளும் புஷ்டி டானிக்கும்

பொதுவான ஆள் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க மாட்டீர்கள். ஊரில் எங்கே இரண்டு பேர் மல்லுக்கு நின்றாலும் மூன்றாவதாக வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, "நான் பொதுவான ஆளுப்பா, எனக்கு ரெண்டு பேருமே ஒண்ணுதான்" என்பார். சொல்லி வாய் மூடுவதற்குள் ஒரு பக்கம் சாய்ந்திருப்பார். எந்தப் பக்கம் என்பது அன்று காலை அவர் யார் வீட்டில் காப்பி குடித்தார் என்பதைப் பொறுத்தது.

இவரைப் புளுகர் என்று நினைத்துவிடாதீர்கள். பாவம், மனசார நம்பித்தான் சொல்வார். அதனால்தான் இவரிடமிருந்து தப்பிப்பது கஷ்டம்.

திருநகரில் குடியிருக்கும் ரிட்டயர்டு சுகாதார டாக்டர் உக்கிரபாண்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். புஷ்டிவர்த்தினி டானிக் கம்பெனி கொடுத்த சுவர்க்கடிகாரம் மணி சொல்ல, அதே கம்பெனி கொடுத்த காலண்டரில் கிழமை பார்த்து, அதே கம்பெனி கொடுத்த பேனாவைச் சட்டைப் பையில் செருகி, அதே கம்பெனி கொடுத்த குடையை விரித்துக்கொண்டு கிளம்பி, பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவரிடம், "மருந்துக் கம்பெனிக்காரன எல்லாம் நான் வாசல்லயே நிறுத்திருவேன்" என்பார். குடையின் மேல் கொட்டை எழுத்தில் டானிக்கின் பெயர் இருக்கும். அடியில் நிற்கிறவருக்கு அது எப்படித் தெரியும்?

அந்தக் கம்பெனியின் முதலாளி கண்ணுச்சாமி, டாக்டரின் மகளைக் கொண்ட வீட்டுக்காரர். அதாவது சம்பந்தி. அதுவும் டாக்டரின் பொதுத்தன்மையை ஒன்றும் செய்துவிடவில்லை.

டாக்டருக்கு ஒரே ஒரு குறை, ஜீப். இருபத்தெட்டு வருஷ சர்வீஸில் மேலதிகாரிகள் எல்லாம் ஜீப்பில் முன் சீட்டில் உட்கார்ந்து போக, இவர் டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டே காலத்தை ஓட்டியவர். ஜீப் சத்தம் கேட்டால் இன்றைக்கும் சாப்பிடுகிற கை நின்றுவிடும். அப்படிப்பட்டவர் காதில்தான் போன வருஷம் அந்தச் சேதி விழுந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு என்ன டானிக் வாங்கலாம் என்று முடிவுசெய்ய ஒரு குழு போடப் போகிறார்கள். தலைவருக்கு ஊர் ஊராகப் போய்வர ஜீப் உண்டு. தலைவர் யார்? ஆராய்ச்சி செய்தவராக, முக்கியமாக, பொதுவான ஆளாக இருக்க வேண்டும்.

தனக்காகவே போட்ட குழு என்று டாக்டருக்குப் பட்டதில் என்ன ஆச்சரியம்? ஆராய்ச்சி ஒன்றுதான் பாக்கி. அதற்கென்ன, செய்துவிட்டால் போயிற்று.

சம்பந்தி டானிக் கொடுத்தார். வண்டியூர்க் கண்மாய்க்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊரில் நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள் கிடைத்தார்கள். மூன்று மாதம் ஆளுக்குத் தினம் ஒரு ஸ்பூன் டானிக், வாரா வாரம் எடை. டாக்டர் அந்த ஊருக்கு ஒரே ஒரு நாள் வாடகைக் காரில் போனார். மாலை போட்டார்கள். ஒரு பிள்ளையைத் தராசில் உட்காரவைத்துப் போட்டோ எடுத்தார்கள். பிள்ளை வீறிட்டு அழுததும் கார் திரும்பிவிட்டது. மிச்சப் பன்னிரண்டு வாரமும் தராசை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, கண்மாய்க் கரையில் நடந்து போய், ஓடுகிற பிள்ளைகளைத் துரத்திப் பிடித்து எடை பார்த்தவள் அந்த வட்டாரத்து நர்ஸ் தங்கப்பொண்ணு.

கடைசி வாரம் அவள் நோட்டை நீட்டினாள்.

"சார், பிள்ளைகளுக்கு எடை கூடல. கசக்குதுன்னு ஒண்ணும் குடிக்கல. அம்புட்டையும் அப்பன்மாருதேன் குடிச்சிருக்காக. குடிச்சுட்டு ராத்திரி பூரா மடத்துல பாட்டு. அவுகளத்தேன் எடை போட்டுப் பாத்தேன், ஆளுக்கு ரெண்டு கிலோ கூடியிருக்கு."

டாக்டர் கண்ணை மூடி யோசித்தார். ஊரில் எடை கூடியிருக்கிறதா, இல்லையா? கூடியிருக்கிறது. டானிக் போன பிறகுதானே கூடியது? ஆமாம். பிறகென்ன? யாருக்குக் கூடியது என்று நோண்டிக்கொண்டிருந்தால் ஆராய்ச்சி எங்கே முன்னேறுவது?

எழுதுகிற சிரமத்தையும் டாக்டருக்கு வைக்கவில்லை. கம்பெனி மேனேஜர் பேச்சிமுத்து, டானிக் பாட்டில் லேபிளுக்கு வாசகம் எழுதிப் பழகிய கை, ஒரே வாரத்தில் நாற்பது பக்கம் எழுதித் தள்ளிவிட்டார். டாக்டர் முதல் பக்கத்தை மட்டும் கவனமாகப் படித்தார். தன் பட்டத்தில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்ததைக் கண்டுபிடித்து வைத்தார். அந்த ஆராய்ச்சியில் அவர் தன் கையால் செய்த வேலை அது ஒன்றுதான். தங்கப்பொண்ணு தயங்கித் தயங்கித் தன் பெயரும் வருமா என்று கேட்டாள்.

"போடலாம்மா. ஆனா ரெண்டு பேரு இருந்தா பாக்க நெரிசலா இருக்கும்" என்றார் டாக்டர், அவளுக்காக உண்மையிலேயே வருத்தப்பட்டு.

புத்தகம் அச்சுக்குப் போனது முனிச்சாலையில் இருந்த அப்துல் அலீம் பாய் பிரஸ்ஸுக்கு. பாய் ஆராய்ச்சிப் புத்தகம் எதையும் அதற்கு முன்னால் கண்டவரில்லை. திருவிழா நோட்டீஸ், சந்தனக்கூடு நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, இதுதான் அவர் பிழைப்பு. அந்தத் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. விசேஷத்துக்கு ஒரு துரும்பைக் கிள்ளிப் போட்டவர் பெயரைக்கூட விடக் கூடாது. ஒரு வருஷம் திருவிழா நோட்டீஸில் மைக் செட்டுக்காரர் பெயர் விட்டுப்போய், அந்தத் தெருவே பிரஸ் வாசலில் வந்து நின்றது. அன்றிலிருந்து பாய் யாரையும் விடுவதில்லை. புத்தகத்துக்குப் பேப்பர் கட்டு கம்பெனி வண்டியில் வந்திறங்கியதை அவர் பார்த்தார். பேச்சிமுத்து கையெழுத்துப் பிரதியை அணைத்துக்கொண்டு வந்ததைப் பார்த்தார். அச்சுக்கூலியும் டாக்டர் போன கார் வாடகையும் கம்பெனிக் கணக்கு என்று அவர் சொன்னதைக் கேட்டார். எடை நோட்டோடு தங்கப்பொண்ணு வந்ததையும் பார்த்தார். டாக்டர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை அவர் அடித்ததுதானே, உறவுமுறையும் தெரியும். உள்ளே ஒருவர் பெயர்தான் இருந்தது. டாக்டரய்யா அவசரத்தில் மறந்துவிட்டார், நாமாவது மானத்தைக் காப்பாற்றுவோம் என்று அட்டையைப் பாய் தன் பொறுப்பில் அச்சுக் கோத்தார். டாக்டர் புரூப் பார்க்க வந்தபோது உள்பக்கத்துப் புள்ளி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

குழுவை அமைக்க வந்த அதிகாரி ஜெயக்கொடி அம்மாள். ஹாலில் நூறு பேர். வெளியே வேப்ப மரத்தடியில் புது ஜீப். டாக்டர் மேடையிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிரஸ்ஸிலிருந்து நேரே வந்த கட்டைப் பிரித்துப் புத்தகத்தைக் கையில் கொடுத்ததும் அந்தம்மாள் அட்டையை மைக்கிலேயே வாசித்தார்.

"கிராமப் புஷ்டி ஆராய்ச்சி. தலைமை, டாக்டர் உக்கிரபாண்டி அவர்கள். எடை பார்த்தது, நர்ஸ் தங்கப்பொண்ணு அவர்கள். எழுத்து, டானிக் கம்பெனி மேனேஜர் பேச்சிமுத்து அவர்கள். டானிக், பேப்பர், அச்சுக்கூலி, வாடகைக் கார் உபயம், கம்பெனி முதலாளியும் டாக்டர் அவர்களின் சம்பந்தியுமான கண்ணுச்சாமி அவர்கள்."

டாக்டர் ஜீப்பிலிருந்து கண்ணை எடுத்தார். ஓடிவிடலாமா என்று படியைப் பார்த்தார். ஆனால் அந்தம்மாள் முகம் மலர்ந்துவிட்டது.

"என் சர்வீஸ்ல இப்படி ஒளிவுமறைவு இல்லாத ஆராய்ச்சிய நான் பாத்ததே இல்ல. டாக்டர், இத நீங்கதான் போடச் சொன்னீங்களா?"

ஹாலே கை தட்டியது. இல்லை என்றால் மறைத்தவர் ஆகிவிடுவார். ஆமாம் என்றால் ஒரு மாலை வரும் போலிருந்தது. பொதுவான ஆள் இந்த இடத்தில் என்ன செய்வார்?

"நான்தான் போடச் சொன்னேன். நாம பொதுவான ஆளு பாருங்க."

மாலை வந்தது. கூடவே அந்தம்மாள் பேச்சும் வந்தது. இவ்வளவு நேர்மையான மனிதர், சம்பந்தி விற்கிற டானிக்கை வாங்கலாமா வேண்டாமா என்று முடிவுசெய்யும் நாற்காலியில் உட்காரச் சம்மதிப்பாரா? அவரைக் கேட்பதே அவருக்கு அவமரியாதை. அதனால் தலைவர் பதவி வேறொருவருக்கு என்று அறிவித்துவிட்டார். பிறகு எடை பார்த்த நர்ஸ் எங்கே என்று விசாரித்து, தங்கப்பொண்ணுவை மைக் முன்னால் கூப்பிட்டார். அவள் அப்பன்மார் கதையை விடாமல் சொல்லிவிட்டாள். ஹால் சிரித்து அடங்கப் பத்து நிமிஷம் ஆயிற்று. டானிக் அன்றோடு தள்ளுபடி. தங்கப்பொண்ணு குழுவில் உறுப்பினர்.

சாயங்காலம் குழு உறுப்பினரை வீட்டில் கொண்டுபோய் விட ஜீப் கிளம்பியபோது முன் சீட்டில் அவள் இருந்தாள். பஸ் ஸ்டாப்பில் மாலையோடு நின்ற டாக்டரைப் பார்த்து வண்டியை நிறுத்தச் சொன்னாள்.

"சார், திருநகர் வழியாத்தேன் போறோம். பின்னால தராசு கெடக்கு, தள்ளி வச்சுட்டு ஏறிக்கங்க."

டாக்டர் ஏறினார். மனசு கொதித்தது, அழுகைகூட முட்டியது. ஆனால் திருநகரில் இறங்குவதற்குள் சரியாகிவிட்டது. மறுநாளிலிருந்து பஸ் ஸ்டாப்பில், உண்மையைப் போட்டு உடைத்துப் பதவியைத் துறந்த கதையை அதே குடைக்கடியில் நின்று சொல்லிக்கொண்டிருக்கிறார். இப்போது அதையும் மனசார நம்புகிறார்.

இதைப் படித்ததும் உங்களுக்குத் தெரிந்த யாரோ ஒருவர் முகம் ஞாபகம் வந்து சிரிப்பீர்கள். நல்லது, சிரியுங்கள். ஆனால் போன மாதம் பக்கத்து வீட்டுக்காரரிடம், "அந்தக் கடையில போய் ஜவுளி எடுங்க, சரக்கு நயம்" என்று அடித்துச் சொன்னீர்களே, கடைக்காரர் உங்கள் மச்சினன் என்று சொன்னீர்களா? ஆபீசில் பக்கத்து நாற்காலிக்காரர் கண் எரிய எழுதியதற்குக் கீழே உங்கள் கையெழுத்து மட்டும் போனதே, அதுவும் நெரிசலுக்குப் பயந்துதானா?

பயப்படாதீர்கள், யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் உங்கள் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையும் அலீம் பாய் அடித்ததுதான். யாருக்கு யார் என்ன உறவு என்பது அவருக்கு மறப்பதே இல்லை.