கீரியின் நண்பருக்கு உடம்பு சரியில்லை

ஒரு காட்டில், செல்போன் டவருக்கும் வற்றிப்போன ஏரிக்கும் நடுவில், அவசர சிகிச்சைப் பிரிவு ஒன்று இயங்கிவந்தது. அதன் பெரிய டாக்டர் ஒரு கரடி. கைராசிக்காரர்தான். ஆனால் காது கொடுத்துக் கேட்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. யாராவது "டாக்டர், எனக்கு..." என்று ஆரம்பித்தால், வாக்கியம் முடிவதற்குள் ஊசி இறங்கியிருக்கும்.

ஒருநாள் ஒரு முயல், அங்கே படுத்திருந்த தன் மச்சானுக்குப் பிளாஸ்கில் கஞ்சி கொண்டுவந்தது. "என் மச்சானுக்குக் கால் உடைஞ்சு..." என்றுதான் வாயைத் திறந்தது. "கால்", "உடைஞ்சு" என்ற இரண்டு வார்த்தைகள் மட்டும் கரடியின் காதில் விழுந்தன. அரை மணி நேரத்தில் முயல் இடது காலில் மாவுக்கட்டோடு வெளியே வந்தது. கஞ்சியும் ஆறிவிட்டது.

முயல் விடவில்லை. சிங்கத்திடம் மனு கொடுத்தது. சிங்கம் கமிட்டி போட்டது. கமிட்டி ஆறு மாதம் உட்கார்ந்து, முந்திரி பிஸ்கட்டாகத் தின்று தீர்த்து, "டாக்டர்கள் நோயாளிகள் சொல்வதைக் கேட்பதில்லை" என்று கண்டுபிடித்தது. நோயாளிகள் எல்லாருக்கும் இது முன்பே தெரியும். தெரிந்து என்ன செய்ய? கமிட்டி சொன்னால்தான் அந்தக் காட்டில் ஒரு விஷயம் உண்மையாகும்.

உடனே தகவல் தொடர்பு மேம்பாட்டுத் திட்டம் வந்தது. நரி ஒன்று வந்து மூன்று நாள் பயிற்சி கொடுத்தது. எப்படித் தலையாட்டுவது, எந்த இடத்தில் "ம்" கொட்டுவது என்பதெல்லாம் பாடம். கூடவே ஒரு விதி. நோயாளி தன் சொந்த வாயால் சொன்னதை மட்டுமே படிவத்தில் எழுத வேண்டும். எழுதியதற்கு மட்டுமே மருந்து. மீறினால் டாக்டருக்கு வேலை போய்விடும். கரடி முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

அடுத்த வாரம் ஒரு முகூர்த்த நாள். காலை ஒன்பதரை மணிக்கு, பட்டு வேட்டி கட்டிய ஓர் இளம் கீரியை இரண்டு கீரிகள் கைத்தாங்கலாகக் கொண்டுவந்தன. பட்டு வேட்டிக்காரன் பெயர் சீராளன். வன அலுவலகத்தில் கிளார்க். வலப்பக்கம் தாங்கியவர் அவனுடைய தாய்மாமா ஏகாம்பரம். இடப்பக்கம் தாங்கியவர் பெண்ணின் அப்பா ரணசிங்கம். பத்தரை மணிக்கு நிச்சயதார்த்தம்.

நடந்தது இதுதான். கீரி வீட்டு விசேஷம் என்றால், மாப்பிள்ளை பாம்பின் மேல் கால் வைத்து நிற்கிற மாதிரி ஒரு போட்டோ இருந்தே ஆக வேண்டும். இதற்கென்றே ஒரு வயதான நல்ல பாம்பு இருந்தது. யார் கூப்பிட்டாலும் வந்து, செத்த மாதிரி படுத்துக் கொடுக்கும். சீராளன் மூன்று தலைமுறையாக ஃபைல் பார்க்கிற குடும்பம்; பாம்பை அன்றுதான் முதன்முதலாகப் பக்கத்தில் பார்த்தான். கால் நடுங்கியது. வைக்கிற மாதிரி நிற்பதற்குப் பதிலாக, வாலை நிஜமாகவே மிதித்துவிட்டான். பாம்பும் பழக்கதோஷத்தில் ஒரு போடு போட்டுவிட்டது.

கீரியைப் பாம்பு கடித்தது என்று வெளியே தெரிந்தால் என்ன ஆகும்? சம்பந்தம் முறியும். தெருவில் தலை காட்ட முடியாது. பெண் வீட்டார் வாசலில் வந்து இறங்கிய நேரத்தில் மாமா மருமகனின் காதில் ஒரே வார்த்தை சொன்னார்: "வெயில்."

கரடி டாக்டர் நாற்காலியை இழுத்துப்போட்டு, பயிற்சியில் சொன்னபடி நோயாளியின் கண் மட்டத்துக்குக் குனிந்தார். "சொல்லுங்க தம்பி, என்ன பண்ணுது?"

"ஒண்ணுமில்ல டாக்டர், காலையிலேர்ந்து வெறும் வயிறு. வெயில் வேற" என்றார் மாமா.

"நோயாளி சொல்லட்டும்."

சீராளன் மாமனாராகப் போகிறவரைப் பார்த்தான். "வெ... வெயில்தான் டாக்டர்" என்றான். நாக்கு தடித்திருந்தது. இமை இரண்டும் கடை ஷட்டர் மாதிரி இறங்கிக்கொண்டிருந்தன.

நர்ஸ் நாரை செங்கமலம், வேட்டியை லேசாக விலக்கிக் காலைக் காட்டினார். கணுக்காலுக்கு மேலே பக்கத்தில் பக்கத்தில் இரண்டு புள்ளி. சுற்றிலும் வீக்கம்.

"இது என்ன தம்பி?"

"முள்ளு" என்றார் மாமா.

"ரெண்டு முள்ளா?"

"இரட்டை முள்ளு டாக்டர். எங்க பக்கம் அப்படித்தான் முளைக்கும்."

கரடிக்குப் புரிந்துவிட்டது. பாம்புக்கடி மருந்து கைக்கெட்டும் தூரத்து அலமாரியில் இருந்தது. பழைய கரடியாக இருந்தால் இந்நேரம் நோயாளியின் மேல் ஏறி உட்கார்ந்து மருந்தை ஏற்றியிருப்பார். இப்போது விதி இருக்கிறது. "தம்பி, பாம்பு ஏதாவது கடிச்சுதா? பயப்படாம சொல்லுங்க" என்று கெஞ்சினார்.

ரணசிங்கம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பாம்பா! டாக்டர், நீங்க யார்கிட்ட பேசுறீங்க தெரியுமா? எங்க வீட்டு ஹால்ல பதினோரு பாம்புத் தோல் மாட்டியிருக்கேன். எல்லாம் இந்தக் கையால வந்தது. எங்க மாப்பிள்ளையையா பாம்பு கடிக்கும்?"

மாப்பிள்ளையும் சிரிக்கப் பார்த்தான். பாதி முகம்தான் சிரித்தது.

கரடி படிவத்தில் "வெயில். முள்." என்று எழுதினார். அதற்குரிய மருந்து உப்புக் கரைசலும் களிம்பும்தான். இந்த அரை மணி நேரத்தைத் தவறவிட்டால் பையன் பிழைக்க மாட்டான். அது தெரிந்திருந்தும் குடிக்க உப்புத் தண்ணீர் கொடுக்க வேண்டியிருக்கிறதே என்று அவருக்கு அழுகையே வந்தது. எல்லாரையும் வெளியே அனுப்பிப் பார்க்கலாம் என்று ஒரு சீட்டைக் கிழித்து, "இதைப் பார்மஸியில வாங்கிட்டு வாங்க" என்று நீட்டினார். ரணசிங்கம் அதை ஏகாம்பரத்தின் கையில் திணித்து, "நீங்க போங்க சம்பந்தி. மாப்பிள்ளையை விட்டு நான் ஒரு அடி நகர மாட்டேன்" என்று கட்டில் காலைப் பிடித்துக்கொண்டார். பாசம்தான். சில நேரம் விஷத்தைவிட அதுதான் பெரிய தொல்லை.

அப்போது கரடிக்கு ஒரு யோசனை தட்டியது. கல்யாண வீடு, டீக்கடை, கோயில் பிரசாத வரிசை என்று அவர் எங்கே போனாலும் யாராவது ஓரமாகத் தள்ளிக்கொண்டுபோய், "டாக்டர், எனக்குத் தெரிஞ்சவர் ஒருத்தருக்கு மூலம்..." என்று கேட்பார்கள். அந்தத் தெரிந்தவரை இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட அவர் பார்த்ததில்லை. ஆனால் தெரிந்தவரைப் பற்றி யாரும் பொய் சொன்னதாகவும் ஞாபகமில்லை.

கரடி புதுப் படிவம் ஒன்றை எடுத்தார். "சரி தம்பி. உங்களுக்கு வெயில். அது முடிஞ்சுது. உங்க ஃப்ரெண்ட்ஸ் யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

இறங்கிக்கொண்டிருந்த இமை ஒன்று பாதியில் நின்றது.

"இருக்கான் டாக்டர்" என்றான் சீராளன். "ஒருத்தன். ரொம்ப நல்லவன்."

"அவருக்கு என்ன?"

"பாம்பு... கடிச்சிடுச்சு."

"என்ன பாம்பு?"

"நல்ல பாம்பு."

"எத்தனை மணிக்கு?"

"ஒன்பதே கால். போட்டோவுக்கு நின்னான். கால் நடுங்கி மிதிச்சுட்டான்."

"அடச்சே, இப்படியும் ஒரு கீரியா!" என்று ரணசிங்கம் தலையில் அடித்துக்கொண்டார். "அவனுக்கு யாருய்யா பொண்ணு குடுக்கப்போறான்?"

"அதான் அவனுக்கும் கவலை" என்றான் சீராளன்.

"இப்ப எப்படி இருக்கார்?" கரடியின் பேனா பறந்தது.

"கண்ணைத் திறக்க முடியலை. முழுங்க முடியலை. மூச்சு... சரியா வரலை டாக்டர்." சீராளனின் கண்ணோரத்தில் தண்ணீர் வழிந்தது. "ரொம்ப பயமா இருக்கு. அவனுக்கு."

எல்லாம் நோயாளியின் சொந்த வாயால் வந்தது. கரடி எழுதினார். பெயர்: நண்பர். முகவரி: மிக அருகில். கீழே சீராளனின் பாத ரேகை பதிந்தது. நாரை ஏற்கெனவே அலமாரியைத் திறந்து வைத்திருந்தார்.

"ஒரு சின்னச் சிக்கல். உங்க ஃப்ரெண்டு வர முடியாத நிலைமையில இருக்கார். அவர் சார்பா மருந்தை நீங்க ஏத்திக்கிறீங்களா?" என்று கேட்டார் கரடி.

சீராளன் தலையாட்டுவதற்குள் ஊசி இறங்கிவிட்டது. சில பழக்கங்கள் பயிற்சியால் போவதில்லை. நல்லதுதான்.

ரணசிங்கம் நெஞ்சு விம்ம நின்றார். "எவனோ ஒரு கோழை ஃப்ரெண்டுக்காகத் தன் உடம்புல ஊசி குத்திக்கிறார் பாருங்க! இதுதான் வீரம். பாம்பை எவன் வேணா அடிப்பான்." மூக்கைச் சிந்திக்கொண்டார். நிச்சயதார்த்தம் கட்டிலுக்குப் பக்கத்திலேயே நடக்கும் என்று அங்கேயே அறிவித்தார்.

மதியத்துக்குள் சீராளனின் இமை உயர்ந்தது. மூச்சு சீரானது. மாமா பார்மஸி வரிசையில் இன்னும் பதினேழாவது ஆளாக நின்றுகொண்டிருந்தார். கரடி கை கழுவும் இடத்தில் நின்றபோது, பின்னால் யாரோ கனைத்தார்கள். ரணசிங்கம். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"டாக்டர்... எனக்கும் ஒரு ஃப்ரெண்டு இருக்கான்."

கரடி கையைத் துடைத்துக்கொண்டு படிவத்தை எடுத்தார். "சொல்லுங்க. அவருக்கு என்ன?"

"பாம்புன்னு பேரைக் கேட்டாலே நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும். வேர்த்துக் கொட்டும். வீட்டு ஹால்ல பாம்புத் தோலா மாட்டியிருக்கான். பதினோரு தோல். ஒண்ணுகூட அவன் அடிச்சதில்லை. பாம்பே உரிச்சுப் போட்டுட்டுப் போன சட்டை. பொறுக்கிட்டு வந்தது. அதைப் பார்த்தாகூட இப்பல்லாம் பயமா இருக்காம். கழட்டவும் முடியலையாம்."

கரடி "ம்" கொட்டினார். பயிற்சியில் சொல்லிக்கொடுத்த அதே இடத்தில்.

திட்டம் மாபெரும் வெற்றி என்று சிங்கம் அறிவித்தது. வாசலில் புதுப் பலகை மாட்டினார்கள்: "நோயாளிகள் வரிசையில் நிற்க வேண்டாம். நண்பர்களுக்கு மட்டும்." அன்று சாயங்காலமே கூட்டம் அலைமோதியது. நான்காவதாக நின்ற வயதான நல்ல பாம்பு, தனக்குத் தெரிந்த ஒரு பாம்புக்கு வாலில் யாரோ மிதித்து வீக்கம் என்றது. புலி ஒன்று, தன் நண்பருக்கு வெண்டைக்காய்தான் பிடிக்கிறது, வீட்டில் எப்படிச் சொல்வது என்று அழுதது. யாரும் எதையும் மறைக்கவில்லை. கரடியும் யார் பேச்சிலும் குறுக்கிடவில்லை.

ஒரே ஒரு புகார்தான் வந்தது. முயலின் மச்சான் மறுபடியும் வழுக்கி விழுந்து, வீட்டில் அசைய முடியாமல் கிடந்தான். முயல் மூச்சிரைக்க ஓடிவந்து சொன்னது: "டாக்டர், எனக்குத் தெரிஞ்சவர் ஒருத்தருக்குக் கால் உடைஞ்சுபோச்சு!"

கரடி கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். அன்போடு கண்ணடித்தார். "புரியுது" என்றார்.

இந்தமுறை வலது கால்.

நீதி: டாக்டரிடம் எதையும் மறைக்காதீர்கள், எல்லாவற்றையும் நண்பர் பேரில் சொல்லிவிடுங்கள். உண்மையிலேயே நண்பருக்காகப் போகிறவர்கள் மட்டும் ஊன்றுகோலைக் கையோடு எடுத்துப்போவது நல்லது.