கடலைக்குத் தடை

"நைனா, வாயில என்னாது? வேர்க்கடலையா?"

வீடியோ கால்ல அகிலா போட்ட சத்தத்துல, மென்னுக்கினு இருந்ததை சண்முகம் அப்படியே முழுங்கிட்டாரு.

"ஒண்ணே ஒண்ணும்மா."

சித்தூரு பஸ் ஸ்டாண்டு பக்கத்துல பஜ்ஜிக்கடை வச்சிருந்தவரு. வயித்துல கேன்சர் கட்டி. திருப்பதி ஆஸ்பத்திரியில புது மருந்து தர்றாங்க. டாக்டர் சொன்னதை, ஸ்ரீசிட்டி கம்பெனியில வேலை செய்யற பொண்ணு அகிலா மனப்பாடமா வச்சிருந்தா. கேன்சர் செல்லு வேகமா வளரணும்னு கொழுப்பா சேத்து வச்சுக்கும். மருந்து அந்தக் கொழுப்பைக் காற வைக்கும். காறினா செல்லு கிழிஞ்சு செத்துப்போவும். விட்டமின் ஈ உள்ள பூந்தா மட்டும் காறாது.

"நாப்பது வருசம் காறின எண்ணெய்ல ஊருக்கே பஜ்ஜி போட்டேன். இப்ப எனக்குப் போடறாங்க" ன்னாரு சண்முகம்.

மொத ஸ்கேன்ல கட்டி கொறையல. கடலையில விட்டமின் ஈ இருக்குன்னு அகிலா அதை நிறுத்தினா. ரெண்டாவது ஸ்கேன்ல வளந்திருந்துச்சு. கீரை, பாதாம், சமையல் எண்ணெய் எல்லாம் நின்னுபோச்சு.

"வெறும் கஞ்சிடி! சட்டை ஆணியில மாட்டுனாப்பல தொங்குது" ன்னு அம்மா இந்திராணி அழுதா.

"அதுக்குத்தானே சத்து மாத்திரை அனுப்பிக்கினு இருக்கேன்? தெம்பில்லன்னா ரெண்டா போடச் சொல்லும்மா."

மூணாவது ஸ்கேன்ல கட்டி கொழுத்திருந்துச்சு. நைனாதான் ஆறு கிலோ கொறஞ்சிருந்தாரு.

"இன்னும் ரெண்டு கிலோ எறங்கினா மருந்தை நிறுத்திடுவோம்" ன்னாரு டாக்டர்.

அகிலா லீவு போட்டு ஓடியாந்தா. வீட்டையே சோதனை போட்டதுல, தலகாணிக்கு அடியில ஒரு முறுக்கு மாட்டுச்சு.

"நைனா!"

"தீபாவளி முறுக்கும்மா. காறிப்போச்சு. நல்லதுதானே?"

மறுநாள் ஆஸ்பத்திரியில நர்ஸ் வரலட்சுமி வழக்கம்போல கேட்டாங்க. "வேற மருந்து ஏதாச்சும் சாப்பிடறீங்களா?"

"இல்ல சிஸ்டர்" ன்னாரு சண்முகம், ஒவ்வொரு தடவையும் சொல்றாப்பல.

"கடலைகூட நிறுத்திட்டேன் சிஸ்டர்" ன்னா அகிலா.

"சோறு விட்டாலும் எம்பொண்ணு அனுப்பற சத்து மாத்திரையை விடமாட்டேன்." சட்டைப் பையிலிருந்து அட்டையைப் பெருமையா எடுத்துக் காட்டினாரு. "இது மருந்து இல்லியே, சாப்பாடு மாதிரிதானே?"

வரலட்சுமி அட்டையைத் திருப்பிப் படிச்சாங்க. அகிலாவை நிமிந்து பாத்தாங்க.

"கடலையை எதுக்கும்மா நிறுத்தினே? நீ அனுப்பற ஒரு மாத்திரையில மூணு கிலோ கடலையோட விட்டமின் ஈ இருக்குதே!"