சாம்பல் நிறக் கதாநாயகி

இதனை எனக்கு முதலில் சொன்னவர் எங்கள் மாடிவீட்டு உடை வடிவமைப்பாளரேதான். அனுதாபம் தேடிச் சொன்னார், நான் சிரித்துவிட்டேன்.

பேசாப்படக் காலத்தைப் பற்றிய ஒரு நாடகத்துக்கு உடைகள் அவர் பொறுப்பு. ஏற்கெனவே இரு நாடகங்களில் சொதப்பியவர்; இதுவும் போனால் இயக்குநர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார். ஆகவே மாபெரும் முடிவொன்று எடுத்தார்: மேடையில் சாம்பலைத் தவிர வேறு நிறமே கூடாது!

“அந்தக் காலத்துப் படமே அப்படித்தானே?” என்றார் மனைவியிடம்.

“படம் அப்படி. ஆளுங்க சாம்பல் கலர்லயா பொறந்தாங்க?”

“உனக்குக் கலை தெரியாது.”

“சரிங்க. கண்ணு தெரியும்.”

கதாநாயகியின் கவுனுக்குத் துணி போதவில்லை. கூடத்து ஜன்னலில் அவர் மனைவி, அதாவது எங்கள் மாடிவீட்டு அம்மாள், ஆசையாய் வாங்கி மாட்டிய சிவப்பு வெல்வெட் திரை தொங்கியது. அம்மாள் வெளியே போன நேரத்தில் அதைக் கழற்றிப் பையில் திணித்துக் கட்டிலடியில் ஒளித்தார்.

“என்னங்க, திரை எங்க?”

“சலவைக்குப் போட்டிருக்கேன்.”

“நீங்களா! அடேயப்பா, பொறுப்பு வந்துடுச்சே!”

மறுநாள் பை பிரிக்கப்படாமலே சாயக்காரரிடம் போயிற்று. துணி சாம்பலாய்த் திரும்பியது. வெல்வெட்டின் மினுமினுப்பைச் சாயம் தின்றுவிட்டதென எண்ணி, அதிலேயே கவுன் தைக்கவைத்தார்.

ஒத்திகையன்று பின்திரையும் சாம்பல், உடைகளும் சாம்பல்.

“கதாநாயகி எங்கய்யா?” என்று கத்தினார் இயக்குநர்.

“நடுவுலதான் நிக்கிறாங்க, சார்.”

“தலை தெரியுது. மீதி எங்க? நாளைக்கு அந்தப் பொண்ணு கண்ணுக்குத் தெரியணும். இல்லேன்னா நீங்க என் கண்ணுல படக்கூடாது!”

வீட்டுக்கு ஓடிவந்தார். அம்மாள், சுவரில் அவர் ஒட்டியிருந்த கதாநாயகியின் அளவுகளைப் பார்த்துச் சிவப்பு வெல்வெட்டில் கவுன் தைத்துக்கொண்டிருந்தார்.

“இது இங்க எப்படி? அப்ப நான் சாயம் போட்டது?”

“நாடகத்தன்னிக்குப் போட்டுக்கணும்னு வாங்கி வெச்சீங்களே, அந்தக் கோட்டுத் துணி. பையில மாத்தி வெச்சுட்டேன்.”

“உனக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“கல்யாணம் ஆனதுலேருந்து ஒரு கைக்குட்டையாவது சலவைக்குப் போட்டிருக்கீங்களா?”

சாம்பல் கவுனைப் பிரித்து அவருக்குக் கோட்டும் தைத்துக் கொடுத்தார் அம்மாள். நாடகம் அமோக வெற்றி. சாம்பல் கூட்டத்தின் நடுவே சிவப்புக் கவுன் தீயாய் நடந்தது. முடிவில் வடிவமைப்பாளரை மேடைக்கு அழைத்தார்கள். புதுக் கோட்டுடன் பின்திரையின் முன் நெஞ்சு நிமிர்த்தி நின்றார். கைதட்டல் சிரிப்பாக மாறியது. வணங்கியது தலை மட்டும்.

கவுன் நாடகக் குழுவோடு போய்விட்டதால் கூடத்து ஜன்னல் வெறுமையாய் நின்றது. அந்தக் கடனை அவர் மறுமாதம் தீர்த்தார். அம்மாள் தம் கையாலேயே அளந்து வாங்கிக்கொண்டார்: சிவப்பு வெல்வெட் ஆறு மீட்டர்; வட்டி அரை மீட்டர்.