நோன்பு பிடித்த வேட்டைநாய்

கெபிலி, தூனிசியா
ரமலான் பதினைந்தாம் நாள்

லியோன் குளிரில் கிடக்கும் என் மருமகன் ஸுஹைருக்கு, உன் மாமா முக்தார் எழுதுவது. இறைவனின் சாந்தி உனக்கும் உன் வீட்டாருக்கும் குறைவில்லாமல் கிடைக்கட்டும். நானும் உன் மாமி ஸல்லூஹாவும் நலம். நீ விட்டுப்போன நாய் பர்க்கும் நலம் என்று எழுதத்தான் ஆசை, பேனா நகரவில்லை. போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் முப்பத்து நான்கு வருடம் தபால் நிலையத்தில் இருந்தவனுக்குக் கெட்ட சேதியைக் கடிதத்தில்தான் ஒழுங்காகச் சொல்ல வரும்.

முயலைத் துரத்திப் பிடித்த பர்க்குக்கு இப்போது முற்றத்தின் ஒற்றைப் படியை ஏற இடுப்பு ஒத்துழைக்கவில்லை என்று கால்நடை டாக்டர் ஒல்ஃபாவிடம் கூட்டிப்போனேன். மாத்திரை கொடுத்தார். "காலையில ஒண்ணு, சாப்பாட்டோட. தண்ணி எப்பவும் இருக்கணும். வாந்தி எடுத்தாலோ, சாப்பிடாம இருந்தாலோ, கறுப்பா வெளிய போனாலோ அன்னைக்கே நிறுத்திட்டு இங்க வந்துடுங்க. கூட வேற வலி மாத்திரை எதுவும் கூடாது ஐயா, மனுஷங்களோடது கூடவே கூடாது" என்றார். அத்தனையையும் எழுதி வாங்கிச் சுவரில் ஒட்டினேன். ஒழுங்கு என்றால் ஒழுங்கு.

ரமலான் பிறந்தது. காலையில் என்பது சரி, சாப்பாட்டோடு என்பதுதான் இடித்தது. விடியுமுன் அணைந்த அடுப்பு சாயங்காலம்வரை எரியாது. ஒரு கைப்பிடி குஸ்குஸ் சோறு கேட்டதற்கு உன் மாமி, "வீடே பட்டினி கிடக்கு, நாய்க்கு மட்டும் தட்டு வைக்கவா? சாயங்காலம் எல்லாரோடயும் தின்னட்டும்" என்றுவிட்டாள். ஆகவே மாத்திரை காலை எட்டுக்கு, சாப்பாடு மாலை ஆறரைக்கு. என் முழங்காலும் சுகமில்லை. மூன்று வேளை மாத்திரையில் மத்தியான வேளையை நோன்பில் விழுங்க முடியாது, அது அட்டையில் சும்மா கிடக்கிறது. அதைச் சொல்லிப் புலம்ப இது இடமில்லை.

எட்டாம் நாள் மாலை வைத்த சோற்றை ஒன்பதாம் நாள் விடிந்தும் பர்க் தொடவில்லை. பக்கத்து முடிதிருத்தும் கடை ஹெதி சுவர்மேல் எட்டிப்பார்த்து, "முக்தார் அண்ணே, உங்க நாயும் நோன்பா?" என்றான். சாயங்கால அஸர் தொழுகைக்குள் ஊரே வாசலில் நின்றது. "தண்ணியா குடிச்சுத் தள்ளுதே, அது என்ன நோன்பு?" என்று ஒருவர் கேட்க, "வயசானவங்களுக்குச் சலுகை இருக்குல்ல" என்று ஹெதி தீர்ப்புச் சொன்னான். யாரோ பாலும் யாரோ ஆட்டெலும்பும் கொண்டுவந்தார்கள். எனக்கும் பெருமைதான், பொய் சொல்வானேன். பாங்கு சொன்னார்கள், எல்லோரும் நோன்பு திறந்தோம், அவன் மட்டும் திறக்கவில்லை. கிண்ணத்தைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். "பெருநாளைக்குத்தான் திறப்பான் போல" என்றான் ஹெதி, எல்லோரும் சிரித்தோம். மூன்று நாள் சிரித்தோம். பிறகு தார் மாதிரி கறுப்பாகப் போனான்.

ஒல்ஃபா அவன் வயிற்றை அழுத்திப் பார்த்துக்கொண்டே, "வெறும் வயித்துலயா குடுத்தீங்க? வேற ஏதாவது? வீட்டுல இருக்கிற வலி மாத்திரை?" என்றார். இல்லை என்றேன். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க." இல்லை என்றேன். "அப்படின்னா இதை நிறுத்திட்டு வயித்து மருந்தைக் குடுங்க. தேறிடுவான். மோசமானா உடனே கொண்டாங்க." வீட்டுக்கு வந்து உன் மாமியிடம், "எல்லாம் உன் அடுப்பால வந்தது" என்றேன். அவள் எழுந்துபோய் அடுப்பை மூட்டினாள். அன்றிலிருந்து உச்சி வெயிலில், நோன்போடு உப்புகூட ருசி பார்க்காமல், அவனுக்குக் கறிக்கஞ்சி வைக்கிறாள்.

ஆகவே தவறு பாதி அவளுடையது, பாதி ஹெதியுடையது. பர்க் தேறிவிடுவான், நீ லீவு போட்டு ஓடிவர வேண்டாம். உன் பிள்ளைகளின் தலைமேல் இறைவனின் கை இருக்கட்டும், உன் ரொட்டியில் பரக்கத் குறையாதிருக்கட்டும்.

உன் மாமா,
முக்தார்

பின்குறிப்பு: நேற்று உறையை ஒட்டவில்லை. இன்று காலை பர்க் எழுந்திருக்கவில்லை. தூக்கிக்கொண்டு போனேன். சிறுநீரகம் போய்விட்டது என்று சொல்லி, ஒல்ஃபா மறுபடி அதே கேள்வியைக் கேட்டார். மருமகனே, என் மத்தியான மாத்திரை சும்மா கிடக்கவில்லை. நான்காம் நோன்பன்று மத்தியானம் அவன் படியடியில் நின்று என்னைப் பார்த்தான். பாதியாக ஒடித்து, பேரீச்சம்பழத்துக்குள் வைத்துக் கொடுத்தேன். அன்று சாயங்காலமே படி ஏறினான். அதற்கப்புறம் தினமும் கொடுத்தேன். தின்ன மறுத்த நாட்களில் வாயைத் திறந்து தள்ளினேன். இதை இன்றுதான் ஒல்ஃபாவிடம் சொன்னேன். "அன்னைக்கே சொல்லியிருந்தா அன்னைக்கே படுக்க வச்சு குளுக்கோஸ் ஏத்தியிருப்பேன் ஐயா" என்றார், சத்தம்கூடப் போடவில்லை. லுஹர் தொழுகை நேரத்தில், என் மத்தியான மாத்திரை வேளையில், போய்விட்டான்.

மேலே எழுதியதை அடிக்கவில்லை, நீ படிக்க வேண்டும். உன் மாமி தன் அடுப்புதான் அவனைக் கொன்றது என்று அடுப்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறாள். இதை அவளுக்கு வாசித்துக் காட்டிவிட்டுத்தான் உறையை ஒட்டுவேன்.