அந்தமானில் காய்ந்த கூழ்வத்தல்

போன மாசம் நானும் வீட்டுக்காரியும் அந்தமான் போனோம். போன காரியம் ஒண்ணே ஒண்ணு. கடலுக்குள்ள முங்கி, கலர் கலரா மீன் பாக்கணும்.

எனக்கு இது பல வருச ஆசை. வண்ணார்பேட்டை டீக்கடையில ஒருத்தர் விடாம சொல்லி வச்சிருந்தேன். "தாமிரபரணியில முங்கி வளந்தவன் அண்ணாச்சி, கடலெல்லாம் நமக்கு ஒரு பொருட்டா?"

கடைக்கார அண்ணாச்சி டீய ஆத்திக்கிட்டே சொன்னாரு. "வாயால சொல்லாதேயும்வே. மீனோட நிக்க மாதிரி ஒரு போட்டோ அனுப்பும். அப்ப நம்புதேன்."

கெளம்புத அன்னைக்கு எதிர்வீட்டு இசக்கியம்மா அக்கா ஒரு பையோட வந்து நின்னா.

"எய்யா, எம்மவ செல்வியும் அந்தமான்லதான இருக்கா. இந்தக் கூழ்வத்தல அவட்ட குடுத்திரு. அதுன்னா அவளுக்கு உசுரு."

வீட்டுக்காரி பின்னால நின்னு கண்ணக் காட்டுதா, வாங்காதீங்கன்னு. நமக்குத்தான் பெரிய மனுசன்னு நெனப்பாச்சே! "குடுங்கக்கா, இதென்ன பாரமா!"ன்னு வாங்கிட்டேன். நாங்க வெளியூர் போனா எங்க வீட்டுச் சாவி அக்கா கையிலதான் இருக்கும். மாட்டேன்னு எப்படிச் சொல்ல?

ஆட்டோவுல ஏறி உக்காந்தப் பொறவுதான் அக்கா மிச்சத்தச் சொன்னா. "நேத்து தூத்தல் போட்டுட்டுய்யா. முக்காவாசிதான் காஞ்சிருக்கு. அங்கன போயி ஒரே ஒரு வெயில் காட்டிரு."

ஒரே ஒரு வெயில். அவ்வளவுதான!

தீவுல போயி இறங்கி, ரூம்ல பையத் திறந்தா புளிச்ச வாட ஆளத் தூக்குது. வத்தல் பூராவும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு அடை மாதிரி கெடக்கு. செல்வி இருக்கது வேற தீவு. கடைசி நாளுதான் அங்க போவோம். அதுவரைக்கும் வச்சிருந்தா பூசணம் பூத்திரும்.

மறுநாள் காலையில எங்களுக்கு முங்குத படகு. அதவிட்டா வேற நாள் கெடையாது.

விடிஞ்சதும், "இன்னைக்குக் காயப் போட்டே ஆகணும். யாரு காவல் இருக்கது?"ன்னு பைய இழுத்தேன்.

"வாங்குன கை எதுவோ, அது இருக்கட்டும்"ன்னா வீட்டுக்காரி. மிதவைச் சட்டைய மாட்டிக்கிட்டு படகுல ஏறிட்டா. திரும்பிப் பாத்து டாட்டா வேற!

படகு போறதப் பாக்கையில நெசமாவே அழுக வந்துட்டு.

என் வேட்டிய மணல்ல விரிச்சேன். நாலு மூலைக்கும் நாலு தேங்காய வச்சு, வத்தல ஒண்ணு ஒண்ணாப் பிச்சுப் போட்டேன். சுத்தி வெள்ளக்காரங்க ஆயிரக்கணக்குல காசு குடுத்து வெயில்ல காஞ்சிக்கிட்டுக் கெடக்காங்க. நடுவுல நம்ம வத்தல் ஓசியில காயுது.

காக்கா வந்துட்டு. கருப்புக் குடைய விரிச்சு வீசுனேன். அது நாலெட்டு தள்ளிப் போயி உக்காந்து, உமக்கு எப்பம் கை வலிக்கும்னு பாத்துக்கிட்டு இருக்கு.

அக்கா வீடியோ கால்ல வந்தா. "காயுதாய்யா?"

"காயுதுக்கா. கடலப் பாத்தீங்களா, எப்படி நீலமா இருக்கு!"

"கடலு எங்கிட்டும் போயிராது. போனத் திருப்பி வத்தலக் காட்டு. அந்த ஓரத்துல ஒண்ணு ஈரமா இருக்கு பாரு, பெரட்டு."

பெரட்டுனேன்.

அவ போன வைக்கவும், ஒரு வழிகாட்டி பத்துப் பேரக் கூட்டிக்கிட்டு வந்தாரு. என்னையும் வத்தலையும் காட்டி இந்தியில என்னமோ நீட்டி முழக்குனாரு. 'கலாச்சாரம்'ங்கிறது மட்டும் காதுல விழுந்துச்சி. வந்தவங்க என்னயக் கும்பிட்டாங்க. நானும் கும்பிட்டேன். ஆளுக்கு ஒரு வத்தல எடுத்து வாயில போட்டாங்க! நல்லா இருந்திருக்கும் போல, ஆளுக்கு இன்னொண்ணும் எடுத்தாங்க. காக்காவ வெரட்டலாம். கும்பிட்ட ஆளு மேல எப்படிக் குடைய வீச?

அவங்க போனதும் எனக்குப் பொறுக்கல. ரெண்டே நிமிசம்னு முங்குத கண்ணாடிய மாட்டிக்கிட்டு ஓடிப்போயி முழங்கால் தண்ணியில மூஞ்சிய முக்குனேன்.

என் கால் பெருவிரல் தெரிஞ்சுது. ரொம்பத் தெளிவா.

நிமுந்து பாத்தா வேட்டி மேல காக்காக் கூட்டம். "ஏலே! ஏலே!"ன்னு கத்திக்கிட்டு ஓடுனேன். கண்ணாடியக் கழட்டல. வெள்ளக்காரங்க எந்திரிச்சு போட்டோ எடுத்தாங்க.

சாயங்காலம் வீட்டுக்காரி வந்து எறங்குனா. மூஞ்சி பூராவும் சிரிப்பு. "ஏங்க, ஆமை பாத்தேங்க! இத்தாப் பெருசு! மீனெல்லாம் கைகிட்ட வருதுங்க!"

"இங்கன காக்கா வந்துது"ன்னேன்.

கடைசி நாள், மிஞ்சுன வத்தலக் கொண்டுபோயி செல்விட்ட குடுத்தேன். அவ பையப் பாத்ததும் தலையில அடிச்சிக்கிட்டா. "இது இங்கன எல்லாக் கடையிலயும் கெடைக்கி மாமா. அம்மைட்ட சொல்லிச் சொல்லி வாய் வலிச்சிட்டு."

அவ உள்ள போயி ஒரு பொட்டலத்தோட வந்தா. பிளாஸ்டிக் பையில ஏழெட்டுச் சுத்துச் சுத்தியும் வாட வருது.

"கருவாடு மாமா. அம்மைக்கு இதுன்னா உசுரு. லேசா ஈரம் இருக்கு. ஊருக்குப் போயி ஒரே ஒரு வெயில் காட்டிருங்க."

நான் வீட்டுக்காரியப் பாத்தேன். அவ ஆகாசத்தப் பாத்தா.

ஊருக்கு வந்து அக்காட்ட நீட்டுனா, கையிலயே வாங்கல. "எங்க மாடியில வேப்பமர நெழலுய்யா. ஒங்க மாடியிலயே போட்டுரு. பூனை வரும், பக்கத்துலயே இரு."

இருக்கேன். வண்ணார்பேட்டை மொட்டமாடியில, அதே வேட்டி, அதே குடை. டீக்கடை அண்ணாச்சி போட்டோ கேட்டது ஞாபகம் வந்துது. கருவாட்டுப் பக்கத்துல நின்னு ஒரு போட்டோ எடுத்து அனுப்பிட்டேன். மீனோட நிக்க மாதிரிதான கேட்டாரு?

பதிலு உடனே வந்துட்டு: "மீனு இருக்கு, சரி. கடலு எங்கவே?"