குதிகால் பார்த்த சம்பந்தம்

பிராங்கிளினின் ஒரு கையில் ஷூ இருந்தது. இன்னொரு கையில் அதன் குதிகால் இருந்தது. மறுநாள் காலை பூசை முடிந்ததும் அவன் ராயபுரத்துக்குப் பெண் கேட்டுப் போக வேண்டும்.

குதிகாலைத் திருப்பிப் பார்த்தான். வெளியே தோலை அடுக்கியது போலக் கோடு கோடாக அச்சு. உள்ளே காலி. ஒரு எறும்புக் குடும்பம் வாடகையில்லாமல் குடியிருக்கலாம்.

சில்வியாவுக்குப் போன் போட்டான்.

“சில்வி, ஹீலு பிளாஸ்டிக்கு. உள்ள ஒண்ணுமே இல்ல.”

“அப்ப நம்ம கல்யாணமும் இல்ல” என்றாள் சில்வியா.

மிகைப்படுத்திச் சொல்கிற பெண் இல்லை அவள். அவள் அப்பா சிலுவைமுத்து துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். கோயிலில் கடைசி பெஞ்சுதான் அவர் இடம். எல்லோரும் முழங்கால் போடும்போது பங்கு மக்களின் குதிகால்கள் அத்தனையும் அவருக்குத் தரிசனம் தரும். பக்தியோடு பக்தியாக அதையும் பார்த்துக்கொள்வார். முகத்துக்குப் பவுடர் போடலாம், குதிகாலுக்குப் போட முடியாது என்பது அவர் கட்சி. அவருடைய கல்யாண ஷூ ஒரு கப்பல்காரனிடம் வாங்கியது. அடுக்குத் தோல் குதிகால். அதற்கு ஈடாக இன்னொன்றை அவர் இதுவரை பார்க்கவில்லை.

சில்வியாவைப் பார்க்க வந்த இரண்டு பேரை, வாசலில் கழற்றிய ஷூவைத் திருப்பிப் பார்த்தே அனுப்பிவிட்டார்.

“ஒருத்தர் பேங்க் ஆபீசரு” என்றாள் சில்வியா. “தட்டிப் பாத்துட்டு, உள்ள காலியா கீது, ஆளும் அப்டிதான் இருப்பான்னுட்டாரு. நீ எதுனா பண்ணு.”

திருவொற்றியூர் தேரடியில் செருப்புத் தைக்கும் மதார் சாகிப்பிடம் ஓடினான். அவர் பிளாஸ்டிக் குதிகாலை ஒட்டவைத்து ஒரு ஆணி அடித்தார். அது இரண்டாகப் பிளந்தது.

“இன்னா பாய்?”

“பிளாஸ்டிக்கு ஆணி தாங்காதுபா. ரெண்டுக்கும் தோலு வெச்சித் தரேன், ஜோரா இருக்கும். ஆனா தண்ணி ஆகாது, வழவழன்னு வேற கீது. அடியில ஒரு ரப்பர் துண்டு ஒட்டிடறேன்.”

“ரப்பர் வோணாம் பாய். மாமனாரு அடியிலதான் பாப்பாரு.”

“நடக்கப்போறது நீயா, மாமனாரா?”

“நடக்க வேண்டியது கல்யாணம் பாய்.”

பாய் தலையில் அடித்துக்கொண்டு தோலை வெட்டினார். ஒவ்வொரு அடுக்காக ஒட்டி, இழைத்து, கறுப்பு பாலீஷ் போட்டுக் கொடுத்தார். பிராங்கிளின் போட்டுக்கொண்டு நடந்தான். டக், டக் என்று ஒரு கௌரவமான சத்தம் கேட்டது. பத்தடி தூரத்துக்கு அவன் கப்பல் கேப்டனாகவே இருந்தான்.

தெருமுனையில் காசிமேட்டு மீன் வண்டி ஒன்று ஐஸ் தண்ணீரை ஒழுகவிட்டுப் போயிருந்தது. வழவழத் தோல் வழுக்கியது. பிராங்கிளின் குட்டையின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

வீட்டுக்கு வந்ததும் ஊறிய குதிகாலைத் துணியால் துடைத்தான். போதவில்லை. அயர்ன் பாக்ஸை எடுத்து அதன்மேல் அழுத்தினான். பசை இளகி, வீடு முழுக்க மீன் வாசனை எழுந்தது. காலையில் பார்த்தால் இரண்டு குதிகால்களும் பரோட்டா போல அடுக்கடுக்காகப் பிரிந்து கிடந்தன.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் விடியாமலும் எந்தக் கடை திறந்திருக்கும்? தலையில் கைவைத்து உட்கார்ந்தவனின் பார்வை குளியலறை வாசலில் கிடந்த மிதியடியில் விழுந்தது.

எண்ணூர்ப் பக்கம் நிலக்கரி இறக்கும் யார்டில் அவனுக்கு வேலை. கரி ஏற்றும் பெல்ட் தேய்ந்தால் வெட்டி எறிந்துவிடுவார்கள். அந்தப் பக்கத்தில் பாதி வீடுகளுக்கு அதுதான் மிதியடி. கனமான கறுப்பு ரப்பர், நடுநடுவே துணி. வெட்டிய விளிம்பில் அடுக்கு அடுக்காகக் கோடு தெரியும்.

வெட்டினான். பழைய டப்பாவில் ஆறு ஆணிகள்தான் இருந்தன. ஒரு காலுக்கு மூன்று என்று அடித்து, மேலே பாலீஷை அப்பினான்.

“கால் தொடைக்கறத கால்லயே மாட்டிக்கினியாடா” என்றாள் அம்மா.

பூசையில் அவன் மனம் நிற்கவில்லை. மாதாவே, இன்றைக்கு ஒரு நாள் அந்த மனுஷனுக்குக் கண் மங்கட்டும் என்று வேண்டிக்கொண்டான். வேண்டிய கையோடு வெட்கமாகவும் இருந்தது.

சில்வியா வீட்டு வாசலில் ஷூவைக் கழற்றினான். சிலுவைமுத்து அவன் முகத்தை ஒரு முறை பார்த்தார். ஷூவைக் கையில் எடுத்தார். தட்டினார், நகத்தால் அழுத்தினார், முகர்ந்தார். கதவோரம் நின்ற சில்வியா கண்ணை மூடிக்கொண்டாள்.

சிலுவைமுத்து உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் அவருடைய கல்யாண ஷூ இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

“இருதயம்மா, இங்க வந்து பாரு. இந்த அடுக்கு, இந்தக் கனம். அச்சு அசலா நம்ம தோலு.”

அவர் மனைவி இருதயம்மாள் தட்டில் மிக்சரோடு வந்தார். குனிந்து பார்த்தார். “ஆமாங்க” என்றார்.

“வெள்ளம் வந்தப்ப பீரோ துருப்பிடிச்சிது, கட்டிலு உப்பிப் போச்சி. இதுக்கு இன்னா ஆச்சி சொல்லு? ஒண்ணும் ஆவல. தோலுன்னா இது தோலு. தம்பி, இதைத் தேடிப் புடிச்சி வாங்கினு வந்தியே, நீ சில்வியாவ நல்லா வெச்சிக்குவ. சில்வி, காப்பி எடுத்துனு வா.”

காப்பி வந்தால் சம்மதம் என்று அர்த்தம். சில்வியாவின் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை பிராங்கிளின் பார்த்ததில்லை. அதைப் பார்க்கப் பார்க்க அவனுக்கு நெஞ்சு உறுத்தியது. குளியலறை மிதியடியைக் காட்டி ஒரு பெண்ணைக் கட்டுவதா?

“அங்கிள், அந்த ஹீலு வந்து...”

“மொதல்ல சாப்பிடு தம்பி” என்று இருதயம்மாள் அவன் கையில் மிக்சரைத் திணித்தார்.

மறுபடி வாயைத் திறந்தான். காப்பியைத் திணித்தார். மூன்றாவது முறை திறந்தபோது வாழைப்பழம் வந்தது. அதற்குள் சிலுவைமுத்து கோயிலில் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்க எந்த ஞாயிறு தோது என்று காலண்டரைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது வாசல் வரை இருதயம்மாள் வந்தார். ஷூவை மாட்டக் குனிந்தவனின் காதருகே தானும் குனிந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

“கரி பெல்ட்டுக்கு மூணு ஆணி பத்தாது தம்பி, கழண்டுக்கும். வெள்ளத்துல அவரோட தோலு ஊறிப் பிஞ்சப்ப, நான் நாலு அடிச்சேன்.”