பிளஸ் சாரின் இடது கை

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஒன்றைக் கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. பிளஸ் சார் எந்தப் படத்துக்குப் போனாலும் அவருக்கு நேர் பின் இருக்கையில் உட்கார்ந்திருந்தவன் நான். என் கண்ணால் பார்த்ததை, காதால் கேட்டதைத்தான் சொல்கிறேன். சத்தியம். நம்பாதவர்கள் இங்கேயே பக்கத்தைப் புரட்டிக்கொள்ளலாம், எனக்கு வருத்தமில்லை.

திங்கட்கிழமை காலை. பிளஸ் சார் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. வாயில் நுரையோடு எடுத்தார்.

"பிளஸ் சாருங்களா? உங்க பேச்சைக் கேட்டு என் பொண்ணை 'உடைப்பான் ஆறு' படத்துக்குக் கூட்டிட்டுப் போனேன்."

"ம்ம்."

"அவளுக்கு ஆறு வயசு சார்."

"ம்ம்."

"இப்ப தண்ணி கேன் போட வந்த ஆளைச் சுவத்தோட ஒட்டி நிக்க வச்சு, வயித்துல ஸ்கேலை அழுத்தி, 'உன்னை அனுப்பினது யாரு?'ன்னு கேக்கறா. பாவம், அந்த மனுசன் கம்பெனி பேரை அப்பவே சொல்லிட்டாரு. அப்படியும் விடமாட்டேங்கறா!"

பிளஸ் சார் நுரையை விழுங்கிவிட்டார்.

அவர் ஒரு வாரப் பத்திரிகையில் 'குழந்தையைக் கூட்டிப் போகலாமா?' என்ற பகுதியை எழுதுகிறவர். சண்டைப் படங்கள், அதிலும் இரண்டாம் பாகம், மூன்றாம் பாகம் என்று வால் முளைத்து வருகிற படங்கள்தான் அவர் இலாகா. எந்த வயதுப் பிள்ளை எதைப் பார்க்கலாம் என்று அவர் எழுதுவதைப் படித்துவிட்டுத்தான் பெற்றோர் டிக்கெட்டே வாங்குவார்கள். எதற்கெடுத்தாலும் 'பதிமூன்று பிளஸ்' என்று எழுதி எழுதி மனிதருக்குப் பெயரே பிளஸ் ஆகிவிட்டது.

உடைப்பான் என்கிற கதாநாயகன் முதல் பாகத்தில் ஒரு கதவை உடைத்தான். இரண்டாவதில் வீடு. அப்புறம் பாலம், அணைக்கட்டு என்று போய், ஐந்தாவதில் ஒரு கப்பலை எடுத்து இன்னொரு கப்பலை உடைத்தான். ஆறாவதில் உடைப்பதற்கு என்னதான் மிச்சம் இருக்கும் என்று எல்லோரும் கவலைப்பட்டுக்கொண்டிருந்தபோது பிளஸ் சார் எழுதினார்: 'தொட்டில் குழந்தையும் பார்க்கலாம்.'

மாலைக்குள் தொலைபேசியைத் தொட்டால் சுட்டது. கடைசியாக எடிட்டர் மேடம் கூப்பிட்டார்.

"சார், உண்மையைச் சொல்லுங்க. படத்தைப் பாத்தீங்களா?"

"என்ன மேடம் இப்படிக் கேட்டுட்டீங்க! ஆரம்பத்துலேர்ந்து முடியற வரைக்கும் உள்ளேதான் இருந்தேன்."

அது உண்மை. உள்ளேதான் இருந்தார்.

"மறுபடி போய்ப் பாத்துட்டு ஒழுங்கா எழுதுங்க. இல்லேன்னா அந்தப் பக்கத்தை ராசிபலன் எழுதறவர்கிட்டக் குடுத்துடுவேன். அவர் படமே பாக்காம சொல்லிடறேங்கறார்."

இங்கே ஒரு தொழில் ரகசியத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பிளஸ் சாருக்கு இருட்டும் குளிர்ச்சியும் போதும். திரையில் முதல் கார் கவிழ்வதற்குள் தலையைச் சுவரில் சாய்த்துவிடுவார். பெயர்களெல்லாம் ஓடி முடிந்து விளக்கு எரியும்போதுதான் கண் திறப்பார். இதைத் தூக்கம் என்று அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். 'உள்வாங்குவது' என்பார்.

கதை எழுதுவதில் சிரமமே இல்லை. இரண்டாம் பாகம் என்றால் முதல் பாகத்தில் செத்தவனுடைய தம்பி வருவான். மூன்றாம் பாகம் என்றால் செத்தவனே வருவான். வயதை முடிவு செய்வதுதான் கஷ்டம். அதற்காக அவர் மச்சானை வைத்திருந்தார்.

மச்சான் என்றால் மனைவியின் தம்பி. மீன் தொட்டிக் கடை வைத்திருக்கிறவன். கரப்பான்பூச்சியைப் பார்த்தால் நாற்காலிமேல் ஏறிக்கொள்கிற பூஞ்சை மனசு. அவனைத் தன் இடது பக்கம் உட்கார வைத்துக்கொள்வார். படம் பயங்கரமாகப் போனால் அவன் அவர் கையை இறுகப் பிடிப்பான். நகம் பதியும். வீட்டுக்கு வந்து சட்டைக் கையைச் சுருட்டி விளக்கடியில் வைத்துப் பார்ப்பார். வெறும் கை என்றால் எல்லோரும் பார்க்கலாம். அங்கங்கே தடம் இருந்தால் பதிமூன்று பிளஸ். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை சிவந்து கிடந்தால் பெரியவர்களுக்கு மட்டும்.

இந்த முறையைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. 'வாத்துப் படை' என்று ஒரு படம் வந்தது. ஒரு குளம், சில வாத்துகள், ஒரு நரி. வாத்துகள் பேசாமல் கொள்ளாமல் நெடுநேரம் யோசித்து நரியை விரட்டும். பாப்பாக்கள் படம் என்று உலகமே சொன்னது. பிளஸ் சார் கையோ கன்றிப்போயிருந்தது. துணிந்து 'பெரியவர்களுக்கு மட்டும்' என்று எழுதினார். முதலில் சிரித்தார்கள். பிறகு ஒரு மனநல நிபுணர், 'வாத்துகளின் மௌனத்துக்குள் இருக்கும் வன்முறையை இவர் ஒருவர்தான் கண்டார்' என்று கட்டுரை எழுதி, ஒரு கேடயமும் கொடுத்தார். கேடயம் இன்றும் அலமாரியில் இருக்கிறது.

அன்று பிளஸ் சாருக்குப் புரியாமல் போன விஷயம் ஒன்றே ஒன்றுதான். அமைதியான படம் முடிந்து எழும்போதெல்லாம் அவர் சட்டைக் காலருக்குள் பாப்கார்ன் கிடக்கும். பிள்ளைகள் பயத்தில் சிதறடிக்கிறார்கள், பாவம் என்று நினைத்துக்கொள்வார்.

அப்படிப்பட்ட கை 'உடைப்பான் ஆறு' முடிந்தபோது கழுவித் துடைத்த தட்டு மாதிரி இருந்திருக்கிறது. புகார்கள் வந்த அன்று இரவே மச்சானை வரவழைத்தார்.

"ஏண்டா, அந்தப் படத்துல எத்தனை பேர் செத்தாங்க?"

"எண்ண முடியல மாமா."

"அப்புறம் ஏன் என் கையைப் பிடிக்கல?"

மச்சான் அக்காவைப் பார்த்தான். அக்கா அவனை முறைத்தாள்.

"தேவைப்படல மாமா."

"தேவைப்படலையா? உனக்கு மரத்துப்போச்சுடா! பாகம் பாகமாப் பாத்துக் கல்லாயிட்டே!"

கல்லானவனை மறுபடி கரைக்க வேண்டும் என்று முடிவு செய்தார். பக்கத்து வீட்டு முயலைக் கடன் வாங்கி அவன் மடியில் வைத்தார். வீணை இசை கேட்க வைத்தார். யாரும் அவனிடம் சத்தமாகப் பேசக் கூடாது என்று உத்தரவு போட்டார். மச்சான் மெழுகு மாதிரி ஆன பிறகு, 'உடைப்பான் ஆறு' படத்துக்கு மறுபடி கூட்டிப் போனார்.

கை சுத்தம்.

மெழுகே பயப்படவில்லை என்றால் படத்தில் பயப்பட எதுவுமில்லை. அதில் என்ன சந்தேகம்? 'மீண்டும் பார்த்தேன். பால்குடி மறக்காத குழந்தையும் பார்க்கலாம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

பத்திரிகை வந்த மறுநாள் பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியர் பேசினார்.

"சார், அஞ்சாம் வகுப்பு மூணாம் வகுப்பைப் பணயக் கைதியாப் பிடிச்சு வச்சிருக்கு."

"வீட்டுப் பாடம் நிறையக் குடுங்க சார், சரியாப்போயிடும்."

"அவங்க ஹெலிகாப்டர் கேக்கறாங்க சார்!"

மச்சானை இனி நம்பிப் பயனில்லை. என்ன செய்யலாம் என்று பிளஸ் சார் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். மனைவி காதிலிருந்த பஞ்சை எடுத்துவிட்டு, "என்னங்க ஆச்சு?" என்று கேட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் படுக்கும்போது பஞ்சு வைத்துக்கொள்வாள். காதில் காற்று போகிறதாம்.

"நீ வர்றியா படத்துக்கு? பக்கத்துல உக்காந்து பயப்படணும், அவ்வளவுதான்."

"உங்களோட குடும்பம் நடத்தறேன். எனக்கு இனிமே என்னங்க பயம்?" என்றாள். ஆனாலும் கிளம்பினாள். பஞ்சையும் எடுத்துக்கொண்டாள்.

படம் 'பறக்கும் படகு', மூன்றாம் பாகம். அடிதடி உண்டு, ஆனால் அடிபட்டவர்கள் எல்லோரும் எழுந்து துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். பள்ளிக்கூடம் ஒரு காட்சியின் டிக்கெட் முழுவதையும் பிள்ளைகளுக்காக வாங்கிவைத்திருந்தது. பிளஸ் சார் வீட்டுக்கு வந்து விளக்கடியில் கையை நீட்டினார். ஓர் இடத்தில் தோலே பெயர்ந்திருந்தது. ஓடிப்போய் எழுதினார்: 'பெரியவர்களுக்கு மட்டும். அவர்களும் இதய மருத்துவரைக் கேட்டுக்கொண்டு போகவும்.'

பள்ளிக்கூடம் காட்சியை ரத்து செய்தது. தியேட்டர்காரர் பிளஸ் சார் வீட்டு வாசலில் வந்து நின்றுகொண்டு, உள்ளே வரவும் மாட்டேன், போகவும் மாட்டேன் என்றார்.

"அப்படி எதைப் பாத்துடி பயந்தே?" என்று உள்ளே வந்து மனைவியைக் கேட்டார் பிளஸ் சார்.

"பயமா? வில்லன் வீட்டு ஜன்னல்ல ஒரு திரைச்சீலை தொங்குச்சே, பச்சையில பூப் போட்டு, அதைத்தாங்க நான் இத்தனை நாளா வேணும் வேணும்னு கேட்டுட்டிருக்கேன். பாருங்கன்னு கிள்ளினேன். நீங்க தலையாட்டினீங்க."

"நான் உள்வாங்கிட்டிருந்தேன்!"

"எனக்கென்ன தெரியும்? கடையில சொல்லியாச்சு. நாளைக்குக் கொண்டுவந்து மாட்டறாங்க."

எடிட்டர் மேடம் இம்முறை கத்தவில்லை. நிதானமாகச் சொன்னார்.

"ஞாயித்துக்கிழமை காலைக் காட்சி, 'வாத்துப் படை' ரெண்டாம் பாகம். எல்லாப் பெத்தவங்களையும் பிள்ளைங்களோட வரச் சொல்லியிருக்கேன். நானும் முன்னால அவங்களோட உக்காந்திருப்பேன். விளக்கு வந்ததும் நீங்க எழுந்து எல்லார் முன்னாடியும் வயசைச் சொல்லணும். இது தப்பாச்சுன்னா, ராசிபலன்காரர் வெளியே பேனாவோட நிப்பார்."

பிளஸ் சார் நேராக மீன் தொட்டிக் கடைக்குப் போனார்.

"டேய், என் சோறு உன் நகத்துலதான்டா இருக்கு. பயப்பட வெக்கப்படாதே. வந்தா அழுத்திப் பிடி."

"நீங்களே முழிச்சிருந்து பாக்கலாமே மாமா?"

"எல்லாத்தையும் நான் ஒருத்தனே செய்ய முடியுமாடா?"

ஞாயிறு வந்தது. அரங்கு நிறையப் பிள்ளைகள், மடி நிறைய வாத்துப் பொம்மைகள். பிளஸ் சாருக்கு இடது பக்கம் மச்சான், வலது பக்கம் பஞ்சு வைத்த மனைவி. திரையில் குளம் தெரிந்தது. தண்ணீர் அசையாமல் கிடந்தது. ஒரு வாத்து வந்து, யோசித்தது. பிளஸ் சார் உள்வாங்க ஆரம்பித்தார்.

கொஞ்ச நேரத்தில் தியேட்டர் ஊழியர் டார்ச் விளக்கோடு வந்து, ஸ்பீக்கரில் ஏதோ உறுமுகிறது என்று சுவரெல்லாம் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார். முன்னால் எடிட்டர் மேடம் திரும்பித் திரும்பிப் பார்த்தார். அவர் திரும்பும்போதெல்லாம் மச்சான் நடுங்கிப்போய் மாமாவின் கையைப் பிடித்தான். படம் பாதி ஆவதற்குள் இரண்டு கையாலும் பிடித்தான். விட்டு விட்டுப் பிடித்தான். கடைசியில் விடவேயில்லை.

விளக்கு எரிந்தது. பிள்ளைகள் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். பிளஸ் சார் கண் திறந்து, காலரிலிருந்து பாப்கார்னைத் தட்டிவிட்டு, சட்டைக் கையைச் சுருட்டினார். பார்த்தார். இத்தனை வருஷ அனுபவத்தில் அப்படி ஒரு கையை அவர் கண்டதில்லை. பாய்ந்து எழுந்தார்.

"பெற்றோர்களே! பிள்ளைங்க கண்ணைப் பொத்துங்க! முதல்ல வெளியே தூக்கிட்டு ஓடுங்க! இதைப் பெரியவங்களே பாக்கக் கூடாது!"

அதுவரை சிரித்துக்கொண்டிருந்த ஒரு குழந்தை அவரைப் பார்த்து வீறிட்டு அழுதது. அதைப் பார்த்து இன்னொன்று. அரங்கே அலறியது.

எடிட்டர் மேடம் எழுந்தார். "சார், இந்தப் படத்துல நடந்த பெரிய அடிதடியே, ஒரு வாத்து இன்னொரு வாத்து மேல தண்ணி தெளிச்சதுதான். ராசிபலன்காரரைக் கூப்பிடட்டுமா?"

"ஆதாரம் இருக்கு மேடம்!" பிளஸ் சார் கையை உயர்த்திக் காட்டினார். கண் கலங்கியிருந்தது. "என் கை பொய் சொல்லாது. டேய் மச்சான், சொல்லுடா இவங்களுக்கு. எந்த இடத்துல பயந்தே?"

மச்சான் அக்காவைப் பார்த்தான். அக்கா மெதுவாகக் காதிலிருந்து பஞ்சை எடுத்தாள். தலையை ஆட்டினாள்.

"மன்னிச்சுக்குங்க மாமா. தெரிஞ்சா மனசொடிஞ்சு அப்புறம் தூங்கவே மாட்டீங்கன்னு அக்காதான் சொல்ல வேண்டாம்னுச்சு. நான் எந்தப் படத்துக்கும் பயந்ததில்ல. உங்க குறட்டையை நிறுத்தத்தான் கிள்ளுவேன். உடைப்பான் போடற சத்தத்துல அது யாருக்கும் கேக்கல, அதான் கிள்ளல."

அழுத பிள்ளைகள்கூட நிறுத்திவிட்டன. கதவுப் பக்கமிருந்து தியேட்டர் ஊழியர், "அப்ப ஸ்பீக்கர் நல்லாத்தான் இருக்கா?" என்றார்.

பிளஸ் சார் உட்கார்ந்துவிட்டார். எடிட்டர் மேடம் அவர் கையைப் பிடித்து, திருப்பித் திருப்பி வெகுநேரம் பார்த்தார்.

"முறை ஒண்ணும் தப்பில்லையே சார்," என்றார். "தலைகீழாப் படிச்சிருக்கீங்க, அவ்வளவுதான்."

அன்றிலிருந்து கை சிவந்திருந்தால் 'பாப்பாக்கள் பார்க்கலாம்', வெறும் கை என்றால் 'பெரியவர்களுக்கு மட்டும்'. ஒரு புகார்கூட வரவில்லை. 'குழந்தையைக் கூட்டிப் போகலாமா?' பகுதி இப்போது இரண்டு பக்கம். பச்சைத் திரைச்சீலையும் நன்றாகத்தான் இருக்கிறது.

இவ்வளவையும் அவருக்கு நேர் பின் இருக்கையில் உட்கார்ந்து பார்த்ததாகச் சத்தியம் செய்திருக்கிறேன். சத்தியம் செய்தவன் எதையும் மறைக்கக் கூடாது என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: பிளஸ் சார் எப்போதும் உட்காருவது கடைசி வரிசை.